கால் பெருவிரலும் ஐப்பசி மழையும்

செப்டம்பர் 8, கல்லிடைக்குறிச்சி

பாளையங்கோட்டையில் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். நின்றபடியே எடுத்த எக்ஸ்ரேயில் என் வலது கால் பெருவிரல் அடுத்த விரலை நோக்கி 32 டிகிரி சாய்ந்திருக்கிறது. 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 40ஐத் தாண்டினால் கடுமை என்றார். இப்படி விரல் சாய்ந்து அதன் அடி மூட்டு வெளியே துருத்தும் புடைப்புக்கு ஆங்கில மருத்துவத்தில் பனியன் என்று பெயராம். தங்கச்சியிடம் சொன்னபோது, "பனியன் அத்தானுக்குல்லாக்கா வாங்கணும்" என்று சிரித்தாள்.

எப்போது அறுவை செய்துகொள்வது என்று கேட்டேன். கோணத்தைப் பார்த்தோ அழகுக்காகவோ செய்வதில்லை, அகலமான செருப்பும் சிலிக்கான் பட்டையும் போட்ட பிறகும் வலி அன்றாட வேலையைத் தடுத்தால் செய்யலாம், அவசரமில்லை என்றார். இரண்டு ஆண்டுகளாகப் பட்டை போட்டும், அப்பளம் இடும் கூடத்தில் இப்போது ஒரு மணி நேரம்கூட என்னால் நிற்க முடியவில்லை.

செப்டம்பர் 21

அறுவை செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு தேற ஆறு வாரம் ஒதுக்க வேண்டுமென்றால் எனக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் தோது; மழைக்காலத்தில் அப்பளம் காயாது, ஆட்களும் பாதிதான் வருவார்கள். முற்றம் வழுக்குமே, கட்டு நனையக் கூடாதே என்பது தங்கச்சியின் கவலை. அவள் சொல்வதும் சரிதான் என்பதால் குளியலறையில் கைப்பிடி பதிக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 7

நேற்று அறுவை முடிந்தது. துருத்தும் எலும்பைச் செதுக்கி எடுப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உண்மையில் பெருவிரலுக்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்பையே வெட்டி, நகர்த்தி, நேராக்கி, இரண்டு திருகாணிகளால் பொருத்தியிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை, ஆனால் ரம்பத்தின் ஓசை கேட்டது. கட்டைபோல் வளையாத அடி கொண்ட செருப்பு ஒன்றைக் கொடுத்து, குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொன்னார்கள்.

நவம்பர் 20

தையல் பிரித்தாயிற்று. காலைத் தொங்கவிட்ட இரண்டு நிமிடத்தில் விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறி விண் விண் என்று தெறிக்கின்றன. இரண்டு தலையணைக்கு மேல் சுருட்டிய பத்தமடைப் பாயை வைத்து, நெஞ்சு மட்டத்துக்கு மேலே காலைத் தூக்கி வைத்தால்தான் அடங்குகிறது. எலும்பு கூடுமென்று தங்கச்சி தினமும் பிரண்டைத் துவையல் கொண்டு வருகிறாள். எலும்புக்கு என்ன செய்கிறதோ, பழைய சோற்றுக்கு நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 18

ஆறு வாரம் ஆயிற்று. எலும்பு கூடி வருவது எக்ஸ்ரேயில் தெரிகிறது. இனி அகலமான, மெத்தென்ற செருப்புப் போடலாம். பெருவிரலின் ஓரம் மரத்தே கிடக்கிறது. மூட்டு இறுகிவிடாமல் இருக்க நாள்தோறும் விரலைக் கையால் மேலும் கீழும் மடக்க வேண்டும். வீக்கம் முழுவதும் வடிய ஆறு மாதம் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும் என்றார். இதை முன்பே அழுத்திச் சொல்லியிருந்தால், தை மாத ஆர்டர்களைக் குறைத்தே வாங்கியிருப்பேன். வலது கால் என்பதால், பிரேக்கை வலியில்லாமல் ஓங்கி மிதிக்க முடிகிற வரை கார் ஓட்டக் கூடாது.

சாயங்காலம் சற்று வெயில் அடித்ததால் கூடத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து அப்பளக் கட்டுகளை எண்ணினேன். நாற்பதாவது கட்டு வருவதற்குள் செருப்பு வார் இறுகத் தொடங்கியது. மீதியைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.