ஈரலில் கொழுப்பு: திருகோணமலையிலிருந்து ஃபைப்ரோஸ்கான் வரை

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கானில் கல் இல்லை. ‘ஈரலில் கொழுப்பு, கிரேட் 2’ என்று எழுதியிருந்தார்கள். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை முழுக்க, நான் ஒளித்துக் குடிக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டது. குடிக்காதவருக்கும் இது வரும். சீனி வருத்தமும் தொந்தியும் இருந்தால் இன்னும் சுலபமாக வரும். கொழும்புக்குப் பக்கத்து ராகமையில் 35 முதல் 64 வயதுக்காரரை 2007இல் பரிசோதித்தபோது 32.6 சதவீதம் பேருக்கு இருந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் ஒருக்கால் ஸ்கான் எடுத்துப் பார்க்கலாம்.

கிளினிக்கில் டொக்டர் கிரேட் 2ஐப் பெரிதாக எடுக்கவில்லை. “கொழுப்பு கிடக்கட்டும், தழும்பு விழுந்திருக்கோ எண்டுதான் பாக்கவேணும்” என்றார். தழும்பு கூடிக்கூடித்தான், ஈரல் இறுகிக் கெட்டுப்போகும் சிரோசிஸில் போய் முடியும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை என்று ஆனதும், ரிப்போர்ட் ஓரத்திலேயே பேனையால் கணக்குப் போட்டார். வயது 47ஐ எஸ்ஜிஓடி என்ற ஈரல் நொதியின் அளவு 52ஆல் பெருக்கு. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் அளவு 198ஐ, எஸ்ஜிபிடி என்ற இன்னொரு ஈரல் நொதியின் அளவு 78இன் வர்க்கமூலத்தால் பெருக்கு. முதலாவதை இரண்டாவதால் பிரி: 1.4. இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67க்கு மேலே என்றால் கவலைப்பட வேண்டும். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே இவ்வளவும் தெரியும், ஆனால் பிளேட்லெட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அதனால், தழும்பால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கானுக்கு இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். மூன்று மணித்தியாலமாவது வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு கூடிக் காட்டும். மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் குளிர்ந்த ஜெல். பிறகு யாரோ விரலால் சுண்டுவது போலத் தட்டு. பத்து நல்ல அளவு கிடைக்கும்வரை அதே இடத்தில் தட்டினார்கள். நோவே இல்லை. ஈரலின் இறுக்கம் 6.1 கிலோபாஸ்கல் என்று வந்தது. 8க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இல்லை என்றே எடுப்பார்களாம்.

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது நடுத்தரம் முதல் முற்றியது வரை தழும்பு உள்ளவர்களுக்கு, அதுவும் சிரோசிஸ் வருமுன். எனக்குத் தேவையில்லை என்றார் டொக்டர். எனக்குச் சொன்ன வைத்தியம் நிறை குறைப்பு. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் நிறையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி நீங்கியிருந்தது, 45 சதவீதம் பேருக்குத் தழும்புகூடக் குறைந்திருந்தது.

நான் 82 கிலோ, எட்டு கிலோ இறக்க வேண்டும். விடியற்காலையில் கோணேசர் கோயில் ஏற்றம், இரவில் கொத்து ரொட்டி இல்லை, பால் விடாத பிளேன்டிக்குச் சீனி இல்லை. இப்போது 77. எஸ்ஜிபிடி 41க்கு இறங்கிவிட்டது.