மெனுஹின் படமா? முதலில் பின்பக்கம்

பால மேதையாகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் சிறுவனாக வயலினோடு நிற்கும் பழைய பத்திரிகைப் படங்கள் இணைய ஏலங்களில் அடிக்கடி வரும். "1930களின் அசல்" என்று விற்பவர் போட்டிருப்பார். வாங்கும்முன் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

செய்தி ஏஜென்சியின் முத்திரை, நாளிதழ் நூலகத்தின் தேதி முத்திரைகள், தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்புச் சீட்டு எல்லாம் அங்கே இருக்கும். தேதிகள் பல இருந்தால் மிகப் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுகூடப் படம் கோப்புக்கு வந்த நாளாகவோ அச்சான நாளாகவோ இருக்கலாம். எடுத்த நாள் என்று சொல்லிவிட முடியாது. யுபிஐ (யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்) என்ற செய்தி நிறுவனமே 1958 மே மாதம்தான் உருவானது. அதன் முத்திரையோடு அரைக்கால்சட்டை மெனுஹின் வந்தால், பழைய நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் போட்ட பிரிண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

சீட்டில் உள்ள வயதை வைத்து ஆண்டைக் கணக்கிடாதீர்கள். அவர் பிறந்தது 1916 ஏப்ரல் 22. அன்றைய விளம்பரங்களோ 1917 ஜனவரி 22 என்று சொல்லி, ஒன்பது மாதத்தை விழுங்கிவிட்டன. பால மேதைக்கு வயது குறையக் குறைய மவுசுதானே!

இனி முன்பக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுத்தாள், புகைப்படமே இல்லை. மெல்லிய இணைகோடுகள் ஓடி, குறிப்பும் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால் அது தொலைபேசிக் கம்பிவழி அனுப்பப்பட்ட படம். ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் இப்படிப் படம் அனுப்பிய வயர்போட்டோ சேவை தொடங்கியது 1935 ஜனவரி 1 அன்று. இத்தகைய படங்களில் வயலினின் தந்திகள் நான்கும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். வில் இடக்கையில் இருந்தால் நெகட்டிவைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். கோட்டின் மார்புப் பையும் அவரது வலப்பக்கம் போயிருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யலாம்.

வில்லின் ஓரத்தில் வெள்ளைக் கோடு, பின்னணியில் சாம்பல் பூச்சு இருந்தால் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாளிதழின் முரட்டு அச்சில் மெல்லிய வில் காணாமல் போய்விடும் என்பதால் ஓவியப் பிரிவினர் தீட்டியது அது. பெரும்பாலும் நீரில் கரையும் வண்ணம். ஈரத்துணி பட்டால் வில்லே போய்விடும்! படத்தை எங்கே வெட்டி அச்சிடுவது என்று மெழுகுப் பென்சிலால் போட்ட குறிகளையும் அழிக்காமல் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், துடைத்துப் பளபளப்பாக்கிய படத்தைவிட இந்தக் குறிகளோடு இருப்பதற்கே கூடுதல் காசு கொடுக்கலாம்.

புறஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அப்படி ஒளிரச் செய்யும் வேதிப்பொருள்கள் புகைப்படத் தாளில் பரவலானது 1950களில்தான். ஒளிராவிட்டால் மட்டும் பழையது என்று ஆகிவிடாது. அவர் அணிந்த கறுப்புக் கோட்டின் ஓரங்களில் நீலநிற உலோக மினுமினுப்பு தெரிந்தால் அது படத்திலுள்ள வெள்ளி உலோகம் மேற்பரப்புக்கு ஏறியது, வயதின் இயல்பு. தேய்க்க வேண்டாம்.

சீட்டு பாதி உரிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். பிவிசி உறை நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேஷன் கூடவே கூடாது.