தலை ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

எனக்குத் தலையில் மெனின்ஜியோமா கட்டி எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெரிந்தவர்கள் வழியாக நம்பர் வாங்கிக்கொண்டு, "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இதே மாதிரி" என்று போன் செய்கிறார்கள். எந்த டாக்டர், எவ்வளவு செலவு எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "ஆஸ்பத்திரியில நல்லா பார்த்துக்கிட்டாங்களா?" என்பார்கள். பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எது நல்லது, எது குறை என்று போனில் சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மெனின்ஜியோமா மூளைக்குள்ளிருந்து முளைப்பது அல்ல. மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருவது. பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. எனக்கு வலது நெற்றிப் பக்கம் இருந்தது. ஒரு நாள் வலிப்பு வந்தது, எம்ஆர்ஐ எடுத்ததில் தெரிந்தது. மாமனார் வேலூருக்குத்தான் போக வேண்டும் என்று நின்றார். அவர் காலத்து ஆட்களுக்கு அது இயல்பு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சிஎம்சியில்தான். அடுத்த வருஷம் சென்னை பெரியாஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். மூளை என்றால் அந்த இரண்டு ஊர்தான் என்று வளர்ந்த தலைமுறை. இப்போது மதுரையிலேயே செய்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருக்கும் என்பதால் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முழிக்கும்போது தொண்டையில குழாய் இருக்கலாம். பேச முடியாது. பயப்படாதீங்க, கையால சைகை காட்டுங்க. குழாய் எடுத்த பிறகு ரெண்டு நாள் தொண்டை கரகரன்னு இருக்கும்" என்றார். அப்படியேதான் நடந்தது. முன்கூட்டியே கேட்டிருந்ததால் எனக்குத் துளி பயம் வரவில்லை. அந்தப் பத்து நிமிஷப் பேச்சுக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

முடி விஷயமும் அப்படித்தான். முழு மொட்டை போடுவார்கள் என்று நினைத்து மனதைத் தேற்றி வைத்திருந்தேன். சிஸ்டர் வந்து, "வெட்டுற இடத்துல மட்டும் ஒரு பட்டையா எடுத்தா போதும்னு டாக்டர் சொல்லிட்டார். மிச்சத்தைப் பின்னி விடட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஐசியூவில் மணிக்கொரு தரம் எழுப்புவார்கள். "அக்கா, கண்ணைத் திறங்க. பேரு என்ன? இது எந்த இடம்? என் கையை அமுக்குங்க. காலைத் தூக்குங்க." அப்புறம் ஒவ்வொரு கண்ணிலும் டார்ச் அடிப்பார்கள். தூக்கம் சொக்கும் நேரத்தில் இது பெரிய தொல்லை. முதல் ராத்திரி நான் எரிச்சலில் பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு இருந்த சிஸ்டர், சின்னப் பெண்தான், குனிந்து காதருகே சொன்னாள்: "நீங்க பதில் சொன்னா பதினஞ்சுக்குப் பதினஞ்சு போடுவேன். குறைஞ்சா உள்ள ரத்தம் கசியுதான்னு உடனே சிடி ஸ்கேன் எடுக்கணும். அதுக்குத்தான் கேக்குறேன்." பிறகு நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். அது நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ அளவுகோல். கண் திறப்பது, பேசுவது, அசைப்பது மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை மதிப்பெண். 1974ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இரண்டு பேர் கொண்டுவந்தது. காரணம் தெரிந்த பிறகு அதே டார்ச் வெளிச்சம் எனக்குக் காவலாகத் தெரிந்தது.

காரணம் சொல்லாத இடங்களில்தான் நான் உடைந்துபோனேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. அதற்கடுத்த நாள் இன்னும் கூடியது. இமையை விரலால் பிரித்தாலும் திறக்கவில்லை. கண் போய்விட்டது என்றே முடிவு கட்டி அழுதேன். ரவுண்ட்ஸ் வந்தவர்கள் ஃபைலைப் பார்த்து "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராத்திரி ட்யூட்டி டாக்டர்தான் விவரமாகச் சொன்னார். நெற்றிப் பக்கம் திறந்தால் வீக்கம் கண்ணுக்கு இறங்குவது சகஜம், இரண்டு மூன்று நாள் ஏறும், பிறகு தானாக வடியும், பார்வைக்கு ஒன்றும் ஆகாது. இதை முன்னாடியே ஒரு வரி சொல்லியிருக்கலாமே? அவர்களுக்குத் தினம் பார்க்கும் காட்சி. எனக்கு என் கண்.

இன்சுலின் கதையும் உண்டு. எனக்குச் சர்க்கரையே கிடையாது. வார்டுக்கு மாற்றியதும் விரலில் குத்திப் பார்த்து இன்சுலின் போட்டார்கள். வேறு யாருடைய ஊசியையோ எனக்குப் போடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டுவிட்டார். வார்டு சிஸ்டர் கோபப்படாமல் மருந்துச் சீட்டை எடுத்து வந்து காட்டினார். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டு, அது சர்க்கரையை ஏற்றும், பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், டோஸைக் குறைத்துக்கொண்டே வரும்போது சரியாகிவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் பிஸ்கட் கேட்டதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது டிஸ்சார்ஜ் நாளைத்தான். காலையில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றார். காப்பீட்டு அனுமதி வந்து கிளம்பும்போது விளக்கு வைக்கும் நேரம். கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வராந்தா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தலையில் ஸ்டேப்ளர் பின்னோடு அங்கே உட்கார்ந்திருந்தது மற்ற எல்லா வலியையும்விட மோசம். அந்த நேரத்தில்தான் கருத்துப் படிவத்தை நீட்டினார்கள். சாப்பாடு, சுத்தம், பில் கவுன்டர் ஊழியர் நடத்தை என்று கேள்விகள். கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார். என் வீட்டுக்காரர் வரிசையாக எல்லாவற்றுக்கும் "மிக நன்று" டிக் அடித்துக் கொடுத்தார். பில் முடியாமல் உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன எழுதுவார்?

இதைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் எச்கேப்ஸ் என்று நாடு முழுக்க ஒரே மாதிரியான கேள்வித்தாள் இருக்கிறது. ஆஸ்பத்திரிவாரியாக முடிவுகளை 2008லிருந்து வெளியிடுகிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போய் 48 மணி நேரம் கழிந்த பிறகுதான் கேட்கத் தொடங்குகிறார்கள். டாக்டரும் நர்ஸும் புரியும்படி சொன்னார்களா, புது மருந்து கொடுக்கும்போது எதற்கு, என்ன பக்கவிளைவு என்று சொன்னார்களா, ராத்திரியில் அறையைச் சுற்றி அமைதி இருந்ததா என்பதெல்லாம் அதில் உண்டு. என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

குறிப்பாக மருந்துக் கேள்விக்கு. வலிப்பு வராமல் இருக்க லெவிடிராசிடம் என்ற மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். மகள் டம்ளரை வைக்கும் சத்தத்துக்குக் கத்துவேன், உடனே அழுவேன். கட்டியை எடுத்ததில் என் குணமே மாறிவிட்டது என்று வீட்டில் குசுகுசுத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ரிவியூவில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "இந்த மாத்திரைக்கு அப்படி வருவதுண்டு" என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினார். எரிச்சல் தணிந்தது. மாத்திரைச் சீட்டோடு ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் அவ்வளவு கண்ணீர் இருந்திருக்காது. நர்சிங் கண்காணிப்பாளருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். அவரே போன் செய்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டிஸ்சார்ஜின்போது மாத்திரைகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு சிஸ்டரைப் போடுவதாகச் சொன்னார்.

சர்ஜனின் கை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எடுத்த கட்டியைச் சோதித்த பயாப்ஸியில் கிரேடு 1, அதாவது புற்றுநோய் இல்லாத வகை என்று வந்தது. தையல் தழும்புக்கு மேல்பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, சீப்பு பட்டால் தெரிவதில்லை. ஆரம்பத்தில் வாயை அகலத் திறக்க முடியாமல் தாடை இறுகியிருந்தது, அது சரியாகிவிட்டது.

போகப்போகிறவர்கள் கிளம்பும் முன் சிஸ்டரையோ ட்யூட்டி டாக்டரையோ உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த மாத்திரையை எப்போது குறைக்க வேண்டும், எதை நாமாக நிறுத்தவே கூடாது, எந்த மாத்திரைக்கு மனசு எப்படி மாறும், என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும், ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். வீட்டில் ஒருவர் அதைத் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். பயாப்ஸி ரிப்போர்ட் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வரும், அதை வாங்க மறக்க வேண்டாம். எம்ஆர்ஐ படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டையும் கையோடு கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த எம்ஆர்ஐயை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.