‘ஃபியூ’வுக்கு முன்னால் ஓர் ‘எ’

நம் அலுவலக மின்னஞ்சல்களில் தேய்ந்துபோன ஒரு வரி உண்டு: ‘ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்.’ எழுதியவர் சொல்ல வந்தது, “எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கு, கொஞ்சம் தெளிவுபடுத்துங்க” என்பது. லண்டனிலோ சிட்னியிலோ இருந்து அதைப் படிப்பவருக்குப் போய்ச் சேர்வது, “எனக்குச் சந்தேகம்னு பெருசா ஒண்ணும் இல்லை” என்பது. அவர் எதற்குப் பதில் போடப்போகிறார்? விட்டுப்போனது ஒரே ஓர் எழுத்து, ‘ஃபியூ’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ‘எ’. (அந்த வரியில் ‘டவுட்’டும் தகராறுதான். நாம் கேள்வி என்ற பொருளில் போடுகிறோம், அவர்கள் காதில் அது அவநம்பிக்கை. ‘ஐ ஹேவ் எ ஃபியூ கொஸ்டியன்ஸ்’ என்று எழுதிவிட்டால் இரண்டும் சரியாகிவிடும்.)

‘எ ஃபியூ’ என்றால் சில உண்டு. வெறும் ‘ஃபியூ’ என்றால் அதிகம் இல்லை. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். ஐம்பது நாற்காலி போட்ட கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்பவர் வந்து உட்கார்ந்த ஐந்து பேரைப் பார்த்துப் பேசுகிறார். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்பவரின் கண் மிச்சமுள்ள நாற்பத்தைந்து காலி நாற்காலிகள் மேல்.

இது நமக்கு ஏன் வழுக்குகிறது என்பதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘சிலர் வந்தாங்க’ என்பது நமக்கு நிறையும் இல்லாத குறையும் இல்லாத சாதாரணச் செய்தி. குறையைச் சொல்ல வேண்டுமானால் ஒன்றைக் கூட்டுவோம்: ‘சிலர்தான் வந்தாங்க.’ ஆங்கிலத்தில் குறையைச் சொல்ல ஒன்றைக் கழற்றுகிறார்கள். ‘சில’ என்ற நினைப்பில் ‘ஃபியூ’வை மட்டும் எடுத்து வைத்தால், நாம் போடாத ‘தான்’ அங்கே தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

காதும் உதவாது. பேச்சில் அந்த ‘எ’ அழுத்தமில்லாமல் முந்தைய சொல்லோடு ஒட்டி ஓடிவிடும். ‘இன் எ ஃபியூ மினிட்ஸ்’ என்பதை வேகமாகச் சொன்னால் ‘இனஃபியூ மினிட்ஸ்’ என்றுதான் விழும். கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகியவர் எழுதும்போது ‘இன் ஃபியூ மினிட்ஸ்’ என்று எழுதுவதில் வியப்பே இல்லை.

சோதிக்க எளிய வழி: மனதில் உள்ள தமிழ் வாக்கியம் ‘இருக்கு’, ‘உண்டு’ என்ற தொனியில் முடிகிறதா, ‘அவ்வளவா இல்லை’ என்ற தொனியில் முடிகிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் ‘எ’ வேண்டும். அந்த இடத்தில் ‘சம்’ போட்டாலும் பொருள் கெடாது. இரண்டாவது என்றால் ‘நாட் மெனி’ பொருந்தும். ‘கிவ் மீ ஃபியூ மினிட்ஸ்’ என்ற வரியை இதில் போட்டுப் பாருங்கள். ‘கிவ் மீ நாட் மெனி மினிட்ஸ்’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். எனவே அங்கே ‘எ’ இல்லாமல் ஆகாது.

‘ஃபியூ’ எதிர்மறைச் சொல்தான் என்பதற்கு இலக்கணமே சாட்சி. கேள்வி வால் (‘கொஸ்டியன் டேக்’) சேர்க்கும்போது ‘எ ஃபியூ பீப்பிள் நோ திஸ், டோன்ட் தே?’ என்று வரும். ‘ஃபியூ பீப்பிள் நோ திஸ்’ என்றால் வால் ‘டூ தே?’. ‘நெவர்’, ‘ஹார்ட்லி’ வரும் வாக்கியங்களுக்கு என்ன வாலோ அதே வால். தேர்வுத்தாளில் கண்ணை ஏமாற்ற இதைத்தான் வைப்பார்கள், வாக்கியத்தில் ‘நாட்’ எங்கும் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், ‘எ’ இல்லாத ‘ஃபியூ’வைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த பெரும்பாலோர் சரியாகவே மனப்பாடம் செய்திருக்கிறோம். ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பாடத்தில் ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா’ என்பதை மாற்றி எழுதச் சொல்வார்கள். விடை ‘வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை.’ சென்னை அளவுக்குப் பெரிய ஊர்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் என்ற பொருள் அதற்குள் துல்லியமாக இருக்கிறது. ஆனால் அதை ஒரு வாய்ப்பாடாக மட்டுமே ஒப்பிக்க வைத்ததால், அந்த ‘ஃபியூ’வும் மின்னஞ்சலில் வரும் ‘ஃபியூ’வும் ஒன்றே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மனப்பாடத்தால் வரும் நஷ்டம் இதுமாதிரிதான் இருக்கும்.

அந்த ‘வெரி’யைக் கவனியுங்கள். ‘வெரி’, ‘ஸோ’, ‘டூ’ ஆகியவை முன்னால் வந்தால் பெரும்பாலும் ‘எ’ கிடையாது, மூன்றுமே குறையைச் சொல்பவை. 1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் போர் விமானிகளைப் பற்றிப் பேசியபோது, இவ்வளவு பேர் இவ்வளவு பெரிய கடனை ‘டு ஸோ ஃபியூ’, அதாவது இத்தனை சிலருக்குப் பட்டதில்லை என்றார். அவர்கள் மிகச் சிலரே என்பதில்தான் அந்தப் பேச்சின் வலு. பிறகு அந்த விமானிகளுக்கே ‘த ஃபியூ’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

‘ஒன்லி’, ‘ஜஸ்ட்’, ‘குவைட்’ மூன்றும் ‘எ’யைக் கேட்பவை. ‘ஒன்லி எ ஃபியூ’ என்றால் சிலதான். ‘குவைட் எ ஃபியூ’தான் ஆளைக் கவிழ்ப்பது. பார்வைக்கு ‘ரொம்பக் கொஞ்சம்’ மாதிரி இருக்கும், பொருளோ நேர் எதிர்: கொஞ்சநஞ்சமில்லை, நிறையவே. ‘குவைட் எ ஃபியூ கஸ்டமர்ஸ் ஹேவ் கம்ப்ளைண்ட்’ என்று மேலாளர் எழுதினால் ஓரிருவர் முணுமுணுத்தார்கள் என்று விட்டுவிடாதீர்கள், புகார் குவிந்திருக்கிறது. ‘நாட் எ ஃபியூ’வும் அதே பொருள்தான், கொஞ்சம் ஏட்டுநடை.

அடுத்து, அதிகம் அடிபடும் இடம் நாள் கணக்கு. ‘ஐ ஆம் நாட் வெல் சின்ஸ் ஃபியூ டேஸ்’ என்ற விடுப்புக் கடிதத்தைப் பார்க்காத மேலாளர் இருக்கமாட்டார். அதில் கோளாறு மூன்று. ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்வது, ‘சின்ஸ் மண்டே’ மாதிரி. காலத்தின் நீளத்துக்கு ‘ஃபார்’ வேண்டும். இன்னும் தொடரும் நிலை என்பதால் ‘ஆம்’ போய் ‘ஹேவ் பீன்’ வரும். மூன்றாவது நம் ‘ஃபியூ’. திருத்தினால்: ‘ஐ ஹேவ் பீன் அன்வெல் ஃபார் த லாஸ்ட் ஃபியூ டேஸ்.’ இங்கே ‘எ’ காணோமே என்றால், அதன் இடத்தில் ‘த’ உட்கார்ந்துவிட்டது. ‘த லாஸ்ட் ஃபியூ டேஸ்’, ‘தீஸ் ஃபியூ லைன்ஸ்’, ‘எவ்ரி ஃபியூ ஹவர்ஸ்’ எல்லாம் இந்த வகை. ‘எ’ இருக்க வேண்டிய நாற்காலியில் வேறொன்று இருந்தால் ‘எ’ எழுந்துவிடும். அப்படி எழும்போது இல்லாமை என்ற பொருளும் வராது. ‘ஃபியூ டேஸ் பேக்’ என்பதில் அப்படி எதுவும் இல்லை, அதனால் ‘எ ஃபியூ டேஸ் அகோ’ என்றே எழுத வேண்டும்.

‘ஆஃப்’ எப்போது? பின்னால் ‘த’, ‘மை’, ‘தெம்’ போல ஒன்று இருந்தால் மட்டும். ‘எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ சரி, ‘எ ஃபியூ ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ சரி, ‘எ ஃபியூ ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ தவறு. நூறு, ஆயிரம் வந்தால் அவற்றுக்குப் பன்மை வாலை ஒட்டாதீர்கள்: ‘எ ஃபியூ ஹண்ட்ரட் ருப்பீஸ்’, ‘எ ஃபியூ தௌசண்ட் பீப்பிள்’.

எண்ண முடியாதவற்றுக்கு இந்தத் தொடரே ஆகாது. ‘எ ஃபியூ இன்ஃபர்மேஷன்’, ‘எ ஃபியூ லக்கேஜ்’ எல்லாம் தவறு. அங்கே ‘எ லிட்டில்’ அல்லது ‘சம்’. ‘எ’யின் கணக்கு இங்கும் அதேதான், விலை மட்டும் கூடுதல். மருத்துவர் ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்றால் நோயாளியின் வீட்டார் மூச்சு விடலாம். ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால் ஊருக்குத் தகவல் சொல்ல ஆரம்பிக்கலாம்.

எத்தனை இருந்தால் ‘எ ஃபியூ’? இதற்கு வரையறுத்த எண் கிடையாது. இரண்டுக்கு ‘எ கப்பிள்’ இருக்கிறது, எனவே மூன்றிலிருந்து என்று கொள்ளலாம். மேல்வரம்பு சூழலைப் பொறுத்தது. காரில் ‘எ ஃபியூ பீப்பிள்’ என்றால் மூன்று நான்கு, மாநாட்டு மண்டபத்தில் என்றால் இருபது கூட இருக்கலாம். இதனாலேயே கெடு சொல்லும் இடத்தில் இந்தத் தொடரைத் தவிர்ப்பது நல்லது. ‘வில் செண்ட் இன் எ ஃபியூ டேஸ்’ என்று நீங்கள் அடுத்த வாரத்தை நினைத்து எழுதுவீர்கள், வாடிக்கையாளர் நாளை மறுநாளிலிருந்தே கேட்க ஆரம்பிப்பார். ‘பை தர்ஸ்டே’ என்று எழுதிவிடுங்கள்.

சாதாரணப் பேச்சில் வெறும் ‘ஃபியூ’வை ஆங்கிலேயர்களே அதிகம் எடுப்பதில்லை. ‘நாட் மெனி பீப்பிள் கேம்’ என்பார்கள். வெறும் ‘ஃபியூ’ எழுத்துக்கும், ‘எ மேன் ஆஃப் ஃபியூ வேர்ட்ஸ்’ போன்ற நிலைத்த தொடர்களுக்கும்தான். ஆகவே வாயால் பேசும்போது ‘எ ஃபியூ’, ‘நாட் மெனி’ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் சிக்கலே வராது.

‘எ’ போட்டும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பின்னால் பெயர்ச்சொல் இல்லாமல் ‘ஹி ஹேட் எ ஃபியூ லாஸ்ட் நைட்’ என்று தனியாக நிறுத்தினால், கேட்பவர் மனதில் முதலில் வருவது மது: ராத்திரி கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். சொல்ல வந்தது மெதுவடை என்றால் ‘வடாஸ்’ என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.