நாவல் மரத்தடியில் கிடந்த உருண்டைகள்

எங்கள் கொல்லையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு விவரமாகச் சொன்னது ஓர் ஆந்தைதான்.

மேட்டுப்பாளையத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்தவள் நான். ஏறக்குறைய 6,000 அடி உயரம். வீட்டுக்குப் பின்னால் கேரட்டும் பீட்ரூட்டும் போடும் பாத்திகள், அதற்குக் கீழே கொஞ்சம் தேயிலை, ஓரத்தில் ஒரு பெரிய நாவல் மரம். அதைத் தாண்டினால் சரிவு இறங்கி லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டுப் பக்கம் போகிறது. 116 ஹெக்டேர்தான் அந்தச் சோலை. 2024-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் வந்துவிட்டதால், அங்கே வாழும் உயிர்கள் எங்கள் கொல்லைகள் வழியாகத்தான் போய்வர வேண்டியிருக்கிறது.

காட்டெருமை வருவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. கரடி வரும் என்பதால் அத்தை இரவில் எண்ணெய்ப் பாத்திரம் எதையும் வெளியே விடமாட்டார். முள்ளம்பன்றி பீட்ரூட்டைத் தோண்டித் தின்றுவிட்டு ஒரு முள்ளை விட்டுப் போகும். ஆந்தைக்குக் குரல் மட்டும்தான். மார்கழிக் குளிரில் ஜன்னலை இறுக மூடியிருந்தாலும் கேட்கும்: "ஹூ... ஹுஹுஹூ". அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல்.

"ஒத்தையாக் கத்துதா, ரெட்டையாக் கத்துதான்னு பாரு கண்ணு" என்பார் அத்தை. ஒரு தடவை கத்தினால் சாவு, இரண்டு தடவை கத்தினால் நினைத்தது நடக்கும் என்பது அவர் சின்ன வயதிலிருந்து கேட்ட கணக்கு. "நாலஞ்சு தடவை கத்துதுங்க அத்தை" என்றால் திரும்பிப் படுத்துவிடுவார்.

பகலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவை சின்னக் குருவிகள். ஒரு நாள் காலையில் செம்மீசைச் சின்னான்களும் வெள்ளைக்கண்ணிகளும் நாவல் மரத்தைச் சுற்றி ஓயாமல் கத்தின. குருவிகள் இப்படி ஒரே இடத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டால் அங்கே பாம்போ ஆந்தையோ இருக்கும் என்று மகளிடம் சொன்னேன். இருவரும் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தோம். முறிந்த கிளையின் அடிக்கட்டை போல ஒன்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கட்டை கண்ணைத் திறந்தது.

பழுப்புக் காட்டு ஆந்தை. தலையில் காது போல நிற்கும் இறகுக் கொத்து கிடையாது, மார்பெல்லாம் நெருக்கமான மெல்லிய பட்டைகள், கண் கருமை. கீழே ஊரில் நான் பார்த்துப் பழகிய புள்ளி ஆந்தைக்கு மஞ்சள் கண். அளவில் அது இதில் பாதிகூட இருக்காது. ஆள் வருவது தெரிந்தால் இது சிறகை ஒட்டிக்கொண்டு, உடம்பை நீட்டி ஒடுக்கி, மரத்தோடு மரமாகிவிடும். எத்தனையோ தடவை நான் இதன் அடியில் விறகு பொறுக்கியிருப்பேன்.

சரி, மரத்தடிக்கு வருவோம். சருகுகளுக்கு நடுவே கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. எச்சம் இல்லை. ஆந்தை சின்ன இரையை அப்படியே விழுங்கிவிடும். செரிக்காத மயிரும் எலும்பும் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளியே வரும். கழுகும் பருந்தும்கூட இப்படித் துப்பும். ஆனால் அவற்றின் வயிற்று அமிலம் கடுமையானது, எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். ஆந்தையின் உருண்டையில் மண்டையோடு உடையாமல் அப்படியே கிடைக்கும்.

உருண்டைகளை வெயிலில் காய வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய தட்டில் வைத்து ஊசியால் பிரித்தோம். மயிர் கொத்தாக விலக, முதலில் வந்தது ஒரு எலியின் மண்டையோடு. முன்பற்கள் வளைந்து மஞ்சளாக இருந்தன. அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அடுத்த உருண்டையில் அதைவிடச் சின்ன, கூர்மையான மண்டையோடு. பற்கள் வெள்ளையாக, ஊசி ஊசியாக, இடைவெளி இல்லாமல் வரிசையாக இருந்தன. மூஞ்சூறு! பூச்சி தின்னும் பிராணி அது, எலி வகையே இல்லை. இன்னொன்றில் வண்டின் பளபளக்கும் இறக்கை ஓடு. ஒன்றில் ஒரு குருவியின் அலகு. மகள் ஒவ்வொன்றையும் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, தேதி எழுதி அடுக்கிவிட்டாள். எங்கள் பாத்தியில் மூஞ்சூறு இருப்பதே அதற்கு முன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மரத்தடியில் இறகு ஒன்றும் கிடைத்தது. முன் ஓரம் முழுக்க மெல்லிய இழைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் காற்றின் இரைச்சலைக் குறைக்கின்றன. தலைக்கு மேலே பறந்து போனாலும் சத்தம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்கள் நிலத்தில் எலி மருந்து கிடையாது. ப்ரோமாடியோலோன் கலந்த எலி கேக்குகள் கடையில் சுலபமாகக் கிடைக்கின்றன. அதைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையும் தன்மை போய், சில நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கு எளிது. அந்த மருந்து ஆந்தையின் ஈரலிலும் தங்கும். எலியைக் கொல்ல வைத்த விஷம் எலி பிடிக்கும் பறவையையே கொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. பொறி வைக்கலாம், கிழங்கு மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் தீப்பெட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெகு நேரம் பார்த்தார். இப்போது அவரும் பொறிதான் வைக்கிறார்.

பாத்திக்கு நிழல் விழுகிறது என்று நாவல் மரத்தின் காய்ந்த பெரிய கிளையை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். அதில்தான் பொந்து இருக்கிறது. ஆந்தையால் பொந்து குடைய முடியாது, மரம் தானாக உளுத்துக் கொடுத்தால்தான் உண்டு. பேசிப் பேசி, கேரட் பாத்தியை நான்கு அடி தள்ளிப் போட்டோம். காட்டெருமைக்காக மாட்டிய ஃபோகஸ் விளக்கையும் தேவைப்பட்டால் மட்டும் போடுகிறோம்.

இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை இது முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம். அப்புறம், குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே பொந்தைவிட்டுக் கிளைக்கு வந்துவிடும், சில கீழேயும் விழும். அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாயும் பூனையும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். காயம் இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.