ஐந்து வயதுக்குள் ஐந்து கண்கள்

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு குறுக்குக் குச்சி தொங்குகிறது. நடுவில் நூலால் சுற்றிய பெரிய கண் ஒன்று. இடது, வலது, கீழ் முனைகளில் சின்னக் கண்கள் மூன்று. மேல் முனை மட்டும் வெறும் குச்சி. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், "ஏன் பாதியிலேயே விட்டுட்டீங்க?" என்று கேட்கிறார்கள். பாதியில் விடவில்லை. பாப்பாவுக்கு வரும் ஜனவரியில்தான் ஐந்து வயது முடிகிறது.

வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகள் பிறந்தது இங்கேதான். இந்த நூல் கண்களைச் சந்தைகளில், கடை வாசல்களில், சில டாக்ஸிகளின் கண்ணாடியில்கூடப் பார்க்கலாம். ஸ்பானிய மொழியில் 'ஓஹோ தே தியோஸ்', அதாவது கடவுளின் கண் என்பார்கள். அதன் சொந்தக்காரர்களான பழங்குடி மக்கள் வைத்திருக்கும் பெயர் சிகூரி. வெளியில் இருப்பவர்கள் அவர்களை விச்சோல் என்கிறார்கள், அவர்களோ தங்களை விஷாரிகா என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ மாநிலங்கள் ஒன்றையொன்று தொடும் மேற்கு சியர்ரா மாத்ரே மலைகளில் அவர்களுடைய ஊர்கள் இருக்கின்றன.

பாப்பாவுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோதுதான் சிகூரியின் கணக்கு எனக்குத் தெரிய வந்தது. குழந்தை பிறந்ததும் தகப்பன் நடுக்கண்ணைச் சுற்றுவான். அப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்று, குழந்தைக்கு ஐந்து வயது ஆகும் வரை கண்கள் சேர்ந்துகொண்டே போகும். இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை வளர்வதைக் கதவில் பென்சில் கோடு போட்டு அளந்த வீடு எங்களுடையது. இங்கே ஒரு தகப்பன் அதையே நூலில் செய்கிறான். நாமும் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

மறுநாளே உட்கார்ந்தேன். அது ஜூலை மாதம், இங்கே மழைக்காலம். முந்தின நாள் சூறைக்காற்றில் எங்கள் தெரு ஹகராண்டா மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அதிலேயே நேரான குச்சி இரண்டை வெட்டி எடுத்தேன். மகள் பிறந்த ஊரின் மரம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக நூல் வாங்கி, குச்சியின் நுனி வரைக்கும் ஒரே மூச்சில் சுற்றி முடித்து, அவள் தொட்டிலுக்கு மேலே மாட்டினேன்.

டிசம்பரில் அது தொய்ந்து தொங்கியது. பச்சைக் குச்சி காய்ந்து மெலிந்துபோய், பட்டை சுருங்கிக் கழன்று, நூலும் பட்டையோடு சேர்ந்து வழுக்கிவிட்டது. குறுக்காக நிற்க வேண்டிய குச்சிகள் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக் கிடந்தன. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

குவாதலஹாராவை ஒட்டியே சபோபன் இருக்கிறது. அங்கே கன்னிமாதா பசிலிக்காவை ஒட்டி, விஷாரிகா கலைக்கென்றே ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. அக்டோபர் 12ஆம் தேதி குவாதலஹாரா தேவாலயத்திலிருந்து மாதா சிலை ஊர்வலமாக வந்து சேரும் இடம் அந்த பசிலிக்கா. அன்றைக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது ஜனவரியில், கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கம் ஒரு வயதான விஷாரிகா அம்மா தரையில் துணி விரித்து, சாக்கிரா என்னும் பொடிப் பாசிமணி கோத்த காதணிகளும் நூல் கண்களும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. 250 பெசோ கொடுத்து ஒரு கண் வாங்கினேன். பிறகு தயங்கித் தயங்கி, தொய்வதற்கு முன்னால் எடுத்திருந்த என்னுடையதன் படத்தை போனில் காட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "குழந்தைக்கா?" என்றார்.

"ஆமாம், மகளுக்கு. இப்போதான் இரண்டு வயசு ஆச்சு."

"அப்போ மத்ததெல்லாம் எங்கே வைப்பீங்க?"

எனக்கு உடனே புரியவில்லை. தான் சுற்றிக்கொண்டிருந்ததை அவர் என் பக்கம் நீட்டிக் காட்டினார். நடுக்கண்ணைத் தாண்டி நான்கு பக்கமும் குச்சி நீளமாக வெளியே வந்திருந்தது. அடுத்து வரும் கண்களுக்கு அதுதான் இடம். நானோ நுனி வரைக்கும் சுற்றி அடைத்திருந்தேன். ஒன்றரை வயசிலேயே குச்சி முழுக்க நிரம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து அதைக் கையில் எடுத்தபோது தொண்டை அடைத்தது. அவசரம் என்று சொல்வார்களே, அது என் கையில் நூலாக இருந்தது.

நூலை வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து உருண்டையாகச் சுற்றினேன். அக்ரிலிக் நூல் ஆறு மாதம் ஒரே நிலையில் இருந்ததில் சுருள் சுருளாக வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகு ஓரளவு நேரானது. இந்தத் தடவை தெருவிலிருந்த ஒரு தச்சுப்பட்டறையில் காய்ந்த பைன் மரத்தில் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு குச்சி சீவி வாங்கினேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இரண்டு குச்சிகளையும் நடுவில் குறுக்காக வைத்து, சந்திக்கும் இடத்தில் நூலை முதலில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நாலைந்து சுற்று, அப்புறம் மற்ற மூலைகளுக்கு அதே அளவு சுற்றுங்கள். குச்சிகள் அசையாமல் நிற்பது இந்தக் கட்டில்தான் இருக்கிறது. பிறகு நூலை ஒரு குச்சியின் மேலாகக் கொண்டுபோய், அடியில் நுழைத்து, மறுபடி மேலே கொண்டுவந்து ஒரு முழுச் சுற்று. அங்கிருந்து அடுத்த குச்சி. அதற்கும் அதே மாதிரி ஒரு சுற்று. ஒவ்வொரு குச்சி முடிந்ததும் குச்சியைத்தான் கால் வட்டம் திருப்ப வேண்டும், கையைத் திருப்பக் கூடாது. அந்த அம்மாவின் கையைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இது. அவருடைய வலது கை இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இடது கையில் குச்சி மட்டும் ராட்டினம் மாதிரி சுழன்றது.

நூல் நூலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இழுத்துப் பிடித்தால் குச்சி சாய்ந்துவிடும், லேசாக விட்டால் நடுவில் குழி விழும். கட்டைவிரலால் நூலை ஒரு தட்டு தட்டினால் வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று இருக்கக் கூடாது, மெத்தென்று திரும்பி வந்தால் போதும். நிறம் மாற்றும்போது முடிச்சை ஒரு குச்சியின் பின்பக்கத்தில் போடுங்கள். இரண்டு குச்சிகளுக்கு நடுவில் போட்டால் எங்கே போட்டாலும் தெரியும். இன்னொன்று: மேலிருந்து சுற்றினால் நூல் முன்னால் தளமாக நின்று குச்சியை மறைக்கும். அடியிலிருந்து சுற்றினால் நூல் பின்னால் போய், குச்சிகள் விலா எலும்பு மாதிரி முன்னுக்கு வரும். பத்துச் சுற்று இப்படி, பத்துச் சுற்று அப்படி என்று மாற்றினால் கண்ணுக்கு ஓர் ஆழம் கிடைக்கும். சின்னக் கண்களுக்கு, நீளக் குச்சியின் முனையில் ஒரு சாண் அளவுக் குச்சியைக் குறுக்கே கட்டி, அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

போனில் இதைக் காட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, திருஷ்டிக்கா?" என்பது. நம் ஊர்ப் பழக்கத்தில் வேறெதுவும் தோன்றாது. வாசலில் கண் வைத்த பொம்மையைக் கட்டினால் அது ஊரார் கண்ணைத் தடுக்கத்தான். சிகூரி அப்படி இல்லை. அது யாரையும் தடுக்க வரவில்லை. தெரியாததைப் பார்க்கவும் புரிந்துகொள்ளவும் உதவும் கண் அது. 1890களில் அந்த மலைகளுக்குப் போய்த் தங்கிய நார்வேக்காரர் கார்ல் லும்ஹோல்ட்ஸ், குழந்தைகளின் நலத்துக்கும் ஆயுளுக்குமான வேண்டுதலாக அவர்கள் இதைச் செய்து வைப்பதைப் பதிவு செய்திருக்கிறார். கடவுள் இந்தக் குழந்தையைப் பார்க்கட்டும், குழந்தையும் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். அம்மாவுக்கு இதைச் சொன்னதும், "அப்போ நேர்த்திக்கடன் மாதிரின்னு சொல்லு" என்றார். அது ஓரளவு சரி.

ஆனால் என் சுவரில் இருப்பதை நான் சிகூரி என்று சொல்வதில்லை. மலையில் மழைக்காலம் முடிந்து புதுச் சோளமும் பூசணியும் வரும்போது ததேய் நேய்ஷா என்று ஒரு விழா நடக்கும். நம் தாயின் நடனம் என்று பொருள். மான் தோல் போர்த்திய நெட்டை மேளத்தை அடித்து, மராகாமே எனப்படும் அவர்களுடைய பூசாரி பாடுவார். ஐந்து வயது வரையிலான குழந்தைகள் கிலுகிலுப்பையும் சிகூரியும் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பாட்டிலேயே அவர்கள் பறவைகளாகி, தொலைவில் சான் லூயிஸ் பொதோசி பாலைவனத்தில் இருக்கும் விரிகூட்டாவுக்குப் பறந்து போவார்கள். சூரியன் பிறந்த இடம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பாட்டும் பயணமும் இல்லாமல் நான் சுற்றியது வெறும் நூல்தான். என் மகளுக்கு அவள் அப்பா சுற்றிய நூல். அந்தப் பெயரே எனக்குப் போதும்.

அவர்களுடைய புனித இடங்கள் ஐந்து. கிழக்கே விரிகூட்டா, மேற்கே சான் பிளாஸ் கடற்கரையில் ஹராமாரா, வடக்கே துராங்கோவின் செர்ரோ கோர்தோ மலை, நடுவில் தெயாகட்டா, தெற்கே சப்பாலா ஏரியில் இருக்கும் தேள் தீவு. விரிகூட்டாவுக்குப் போகும் 500 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு யாரோ உறவுக்காரருக்கு விருது கிடைத்த மாதிரி இருந்தது.

ஐந்தில் நான் போயிருப்பது தேள் தீவுக்கு மட்டும். சப்பாலா துறையிலிருந்து படகு. பாப்பாவுக்கு அப்போது மூன்றரை வயது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கற்களுக்கிடையில் ஒரு சின்ன நூல் கண் செருகியிருந்தது. வெயிலில் நிறமெல்லாம் வெளுத்து, சிவப்பு இளஞ்சிவப்பாகி, ஒரு பக்கம் நூல் பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பாப்பா கை நீட்டினாள். "தொடக் கூடாதும்மா, இது வேறொரு பாப்பாவோடது" என்றேன். அவள் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். படகுக்காரர் கூப்பிடும் வரை நானும் அவசரப்படுத்தவில்லை.

ஐஸ் குச்சியில் பத்து நிமிஷத்தில் இதைச் செய்யச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. தாராளமாகச் செய்யட்டும், குழந்தைகளின் விரலுக்கு நல்ல பயிற்சி. இது யாருடையது என்பதையும் கூடவே சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். முடிந்தால் அவர்கள் கையால் செய்த ஒன்றை விலை பேசாமல் வாங்கி வகுப்பில் மாட்டுங்கள். ஒரு கண்ணை எவ்வளவு நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனால் என்னால் பேரம் பேச முடிவதில்லை.

இரண்டாவது கண் வலது முனையில் இருக்கிறது, முழுக்கப் பச்சை. அந்த வருஷம் அவள் இலைகளை மட்டுமே பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவதைச் சுற்றும்போது அவளுக்குக் காய்ச்சல். மடியில் போட்டுக்கொண்டே சுற்றியதால் இடது பக்கம் இழுவை அதிகமாகிக் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அதை மட்டும் பிரித்துச் சரிசெய்ய மனசு வரவில்லை. நான்காவதில் கடைசி மூன்று சுற்று அவளே சுற்றியது. நூல் ஏறி இறங்கி இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

போன வாரம் ஐந்தாவதுக்கு நூல் வாங்கப் போனோம். கடையில் அவள் வெகுநேரம் நின்று, கடைசியில் ஊதாவை எடுத்தாள். ஹகராண்டா பூவின் ஊதா. நான் எதுவும் சொல்லவில்லை, முறிந்து விழுந்த அந்தக் கிளையைப் பற்றி அவளுக்குத் தெரியாது. குறுக்கே கட்ட வேண்டிய சின்னக் குச்சி இப்போது பால்கனியில் காய்ந்துகொண்டிருக்கிறது. தினமும் ஸ்கூலிலிருந்து வந்ததும் அதை விரலால் தட்டிப் பார்த்து, "இன்னும் காயலப்பா" என்கிறாள்.