ஒரே நாளுக்கு மூன்று கணக்கு

கனடாவின் வின்ட்சர் நகரில் குடியிருந்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். நான் அந்தக் கூட்டத்தில் சற்று வேறுபட்டவன். என் கடவுச்சீட்டு இந்தியாவுடையது, வீடும், நிரந்தர வதிவாளர் என்பதற்கான பிஆர் கார்டும் கனடாவுடையவை, வேலையும், அதற்கான எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவும் அமெரிக்காவுடையவை. 2016 அக்டோபரில் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, இந்த மூன்றையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு, காலையில் ஓர் எல்லையையும் மாலையில் அதே எல்லையின் மறுமுகத்தையும் கடந்து வந்திருக்கிறேன். என்னைப் போன்ற நிலையில் இருக்கும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது கேட்கும் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எனக்குத் தெரிந்ததையும் நான் பட்டதையும் ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடப்பதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு: 1929இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் பாலம். மறு ஆண்டே திறக்கப்பட்ட, ஆற்றின் அடியில் செல்லும் சுரங்கச் சாலை. பாலம் சரக்கு லாரிகளின் ராஜ்ஜியம் என்பதால் நான் பெரும்பாலும் சுரங்கத்தையே பயன்படுத்தினேன். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போவதென்றால் தெற்கே போவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே மட்டும் டெட்ராய்ட் வடக்கே இருக்கிறது. வின்ட்சர் அதற்குத் தெற்கே கிடக்கிறது. முதல் வாரம் காரில் இருந்த திசைகாட்டி வடக்கைக் காட்டியபோது அது பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அமெரிக்கச் சாவடியில் இருக்கும் அதிகாரி என் பிஆர் கார்டைப் பொருட்படுத்துவதில்லை. கனடியக் குடிமகனாக இருந்தால், வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக 1994 முதல் நடைமுறையில் உள்ள டிஎன் என்ற வேலைத் தகுதியை விசா எதுவும் இல்லாமல் எல்லையிலேயே கேட்டு வாங்கலாம். என் பக்கத்து மேசையில் அமர்ந்து அதே வேலையைச் செய்யும் சக ஊழியர் அப்படித்தான் வந்தார். நிரந்தர வதிவாளருக்கு அந்த வழி கிடையாது. கனடாவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அமெரிக்காவின் கண்ணில் நான் இந்தியன் மட்டுமே. எச்-1பிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், பிறகு டொராண்டோவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டில் விசா ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது பலருக்குத் தெரியாது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் கனடாவில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தால், அவர்களுக்கு அமெரிக்க விசா தேவையில்லை என்ற விலக்கு 2003 மார்ச் வரை இருந்தது. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தமிழர்கள் அந்த விலக்கினால், கனடியக் குடியுரிமை பெறுவதற்கு முன்பே, அமெரிக்காவில் இருந்த உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு விசா எடுக்காமலேயே போய்வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் என்னிடம், "அந்தக் காலத்தில் லேண்டட் பேப்பரைக் காட்டினால் போதும் தம்பி, நீங்கள்தான் பிந்தி வந்துவிட்டீர்கள்" என்று சொன்னார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த கெடுபிடிகளில் அந்த விலக்கு நீக்கப்பட்டது. அவர் சொன்ன பேப்பருக்குப் பதிலாக பிளாஸ்டிக்கில் பிஆர் கார்டு வந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில், 2002இல்தான்.

சரி, தினசரி விஷயத்துக்கு வருகிறேன். எச்-1பி வைத்திருப்பவருக்கு உண்மையில் உயிர்நாடி விசா அன்று. ஐ-94 என்ற சிறிய வெள்ளைச் சீட்டுதான். விசா என்பது கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே எந்தத் தேதிவரை இருக்கலாம் என்று சொல்வது ஐ-94. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் தரைவழி எல்லையில் அதற்கு ஆறு டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, சீட்டைக் கடவுச்சீட்டின் பக்கத்தில் ஊக்கினால் அடித்துக் கொடுப்பார்கள். அதில் உள்ள தேதிவரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்பதால், ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்கத் தேவையில்லை. தினமும் புரட்டிப் புரட்டி என் சீட்டின் ஓரங்கள் துணி போல் நைந்துவிட்டன. ஊக்கின் துருக் கறை பக்கத்தில் இரண்டு பழுப்புப் புள்ளிகளாகப் படிந்திருந்தது.

அந்தச் சீட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் எச்-1பி அனுமதி 2019 செப்டம்பர் வரை இருந்தது. அந்த எண்ணமே மனதில் இருந்ததால், முதல் நாள் அதிகாரி சீட்டில் என்ன தேதி எழுதினார் என்று நான் படித்துப் பார்க்கவே இல்லை. கடவுச்சீட்டு அதற்கு முன்பே காலாவதியாவதாக இருந்தால், ஐ-94இன் தேதியையும் கடவுச்சீட்டின் தேதியோடு வெட்டிவிடுவது வழக்கம். என் கடவுச்சீட்டு 2018இன் நடுவில் முடிவதாக இருந்தது. நான் பொறுப்பாக மூன்று மாதங்களுக்கு முன்பே புதிய கடவுச்சீட்டு வாங்கி, விசா உள்ள பழையதையும் புதியதையும் ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்து வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாவடியில் இருந்த பெண் அதிகாரி பழைய கடவுச்சீட்டைத் திறந்து, கட்டைவிரலைச் சீட்டின் தேதிமேல் வைத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினார். அது முந்தைய நாளோடு முடிந்திருந்தது.

காரை ஓரம் கட்டச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். சாவியையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுவரோரம் திருகு போட்டுத் தரையோடு இணைத்த நாற்காலிகள். கடிகாரத்தைத் தவிர பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துப் புதிய கடவுச்சீட்டில் புதிய ஐ-94ஐ அடித்து, ஆறு டாலர் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசாவுக்கு இன்னும் உயிர் இருந்ததால் அன்று தப்பித்தேன். விசாவும் முடிந்திருந்தால், டொராண்டோவுக்குப் போய் நேர்முகத்துக்கு நாள் கேட்டு, அது கிடைக்கும்வரை வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாலையும் நாட்டைவிட்டு வெளியேறிவிடுபவன் என்பதால் அளவுக்கு மீறித் தங்கிய குற்றமும் என்மேல் வரவில்லை. அமெரிக்காவிலேயே குடியிருப்பவருக்கு இதே தவறு நேர்ந்தால், அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஒரு சாவடிகூட இருக்காது. மாதக்கணக்கில் தெரியாமலேயே போகும்.

விசாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள விசா காலாவதியாகிவிட்டாலும், ஐ-94 செல்லுபடியாக இருந்து, கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் சென்று முப்பது நாட்களுக்குள் திரும்பினால், பழைய விசாவையே உயிருள்ளதாகக் கருதி உள்ளே விடும் விதி ஒன்று அமெரிக்காவில் உண்டு. தினமும் போய்வருபவனுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்த இடைவெளியில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். அவசரப்பட்டு விண்ணப்பித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கனடா பக்கத்தில் கதை வேறு. அங்கே எச்-1பியைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. நிரந்தர வதிவாளருக்கு நாட்டுக்குள் நுழையும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அதிகாரிக்குத் தகுதி உறுதியானால் விட்டே ஆக வேண்டும். கார்டு தொலைந்தாலோ காலாவதியானாலோ தகுதி தொலைந்துவிடாது. ஆனால் விமானம், ரயில், பேருந்து போன்ற பயணி வாகனங்களில் ஏற கார்டு தேவை. சொந்த வாகனத்தில் வந்தால் தகுதியை வேறு ஆவணங்களால் நிறுவலாம். புதிய கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த சில வாரங்கள், குடியேறிய நாளில் கொடுத்த உறுதிப்படுத்தும் தாளை உறையில் வைத்துக்கொண்டு, பேருந்துப் பக்கமே போகாமல் காரிலேயே போய்வந்தேன்.

கார்டைவிடக் கவனிக்க வேண்டியது நாட்களின் கணக்கு. ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால்தான் பிஆர் நிலைக்கும். ஒரு நாளின் ஒரு பகுதியைக் கனடாவில் கழித்தாலும் அதை முழு நாளாகவே கனடா எடுத்துக்கொள்கிறது. காலை ஆறரைக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பும் எனக்கு, வேலை நாள் முழுவதும் அமெரிக்காவில் கழிந்தாலும், அது கனடாவில் இருந்த நாள். அமெரிக்க வருமான வரித் துறையிடம் போனால், கனடாவில் வீட்டை வைத்துக்கொண்டு முறையாகத் தினமும் போய்வருபவரின் வேலை நாட்களை, அவர் அமெரிக்காவில் இருந்த நாட்களாக அவர்கள் எண்ணுவதில்லை. ஆகவே நான் அங்கே வரிக் கணக்குக்கு அயலான். (சம்பளத்துக்கு வரி உண்டு, டெட்ராய்ட் மாநகரமும் வெளியில் குடியிருப்பவர் என்ற வகையில் 1.2 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அது வேறு.) அதே அமெரிக்காவின் குடியேற்றத் துறையிடம் போனால், எச்-1பியில் வேலை பார்க்கக்கூடிய ஆறு ஆண்டு வரம்பில் அந்த நாள் முழுவதும் கழிந்துவிடுகிறது. முழுமையாக, இருபத்து நான்கு மணி நேரமும் வெளியே இருந்த நாளைத்தான் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

போய்வரும் ஊழியருக்கு ஆறு ஆண்டு வரம்பே கிடையாது என்று என்னிடம் அடித்துச் சொன்ன இருவரை நான் நம்பியிருந்தேன். விதியைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, வெளிநாட்டில் குடியிருந்து பகுதிநேர வேலைக்கு வருபவருக்குத்தான் அந்த விலக்கு. முழுநேர ஊழியனான எனக்குச் சனிக்கிழமையும் ஞாயிறும் விடுமுறைகளும்தான் மிச்சம்.

எல்லையில் வெளியேறும் பக்கம் முத்திரை குத்துவதில்லை என்பதால், அந்த மிச்சத்தை நிரூபிப்பது என் பொறுப்பு. 2013 முதல் மூன்றாம் நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் தரைவழியாக ஒரு நாட்டில் நுழையும் பதிவை மற்ற நாட்டில் வெளியேறிய பதிவாகக் கனடாவும் அமெரிக்காவும் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. அவர்களிடம் இருக்கும் கணக்கு என்னிடமும் இருக்கட்டும் என்று, ஐ-94 சம்பவத்துக்குப் பிறகு, காரின் கையுறைப் பெட்டியில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்தேன். தேதி, போன நேரம், திரும்பிய நேரம், எந்த வழி. அவ்வளவுதான்.

அந்த நோட்டு தன் விலையைக் காட்டியது 2020இல். மார்ச் 21 அன்று அத்தியாவசியமற்ற பயணங்களுக்கு எல்லை மூடப்பட்டது. வேலைக்குப் போவது அத்தியாவசியத்தில் சேர்ந்தது. டெட்ராய்ட் மருத்துவமனைகளில் பணியாற்றும் வின்ட்சர் செவிலியர்கள் தொடர்ந்து போய்வந்தார்கள். காலியான சுரங்கத்தில் அவர்களுடைய கார்கள் மட்டும் போன அந்த வாரங்களை இங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகமோ எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. சம்பளத்தில் கனடியப் பிடித்தங்களை எப்படிச் செய்வது என்று அவர்கள் திண்டாடியதைத் தனியாக எழுத வேண்டும். எனக்கு அதன் பலன் வேறிடத்தில் கிடைத்தது: ஏறத்தாழ இருபது மாதங்கள் நான் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை, ஆகவே அந்த நாட்கள் ஒன்றுகூட எச்-1பி கணக்கில் கழியவில்லை. நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது வழக்கறிஞர் அந்த நாட்களுக்கு ஆதாரம் கேட்டார். கடவுச்சீட்டில் ஒரு முத்திரையும் இல்லை. நோட்டின் பக்கங்களைப் படியெடுத்து, வின்ட்சர் வீட்டின் மின்கட்டண ரசீதுகளோடும் வங்கிக் கணக்கோடும் சேர்த்து அனுப்பினேன். கேட்ட நாட்களில் பெரும்பகுதி கிடைத்தது.

நண்பர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி, இவ்வளவு தொல்லைக்குக் கனடியக் குடியுரிமையே வாங்கிவிடலாமே என்பது. 2017 அக்டோபர் முதல் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இருந்தால் போதும். என் நாட்கள் எப்போதோ நிறைந்துவிட்டன. வாங்கினால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விண்ணப்பத்தை இரண்டு முறை பாதிவரை நிரப்பி அப்படியே வைத்திருக்கிறேன். அதற்கான காரணங்கள் சட்டத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதால் இங்கே எழுதவில்லை.

இப்போது தரைவழியிலும் ஐ-94 பெரும்பாலும் மின்பதிவாகிவிட்டது. ஊக்கும் வெள்ளைச் சீட்டும் இல்லை. புதிதாகப் பதிவாகும் ஒவ்வொரு முறையும், அலுவலக வண்டி நிறுத்தத்தில் காரைவிட்டு இறங்குவதற்கு முன், கைப்பேசியில் தேதியை எடுத்துக் கடவுச்சீட்டின் தேதியோடு ஒப்பிட்டு, நோட்டில் எழுதிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.